வெட்டுப்பட்ட சிப்பாயும் நான் போட்ட சத்தமும்

அன்பு மகன் முனியராஜுக்கு அம்மா எழுதுவது. நானும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறோம், நீ அந்தக் கத்தார் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க இருக்கன்குடித் தாயைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். போனில் பேசினால் அம்மா கேக்கலை, சத்தமாப் பேசு என்கிறாய், அதனால் எழுதி, அங்கே திரும்புகிற பானுப்பிரியா வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுகிறேன். காகிதத்துக்குச் சத்தம் வேண்டாம் பார்.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் தங்கச்சி எழிலுக்குச் செஸ் போட்டி. கடைசி ஆட்டம், ஜெயித்தால் சென்னைக்குப் போகலாம். உங்கப்பா போன பிறகு அவள் உட்கார்ந்த முதல் போட்டி. ஏட்டி, சிப்பாயைத் தூக்கிக் குடுக்கிற ஆட்டமெல்லாம் வேண்டாம், பாத்து ஆடு என்று நீ சொன்னாயாம், கேட்டால்தானே. இரண்டாவது தடவை காயை நகர்த்துகிறபோதே ராஜா பக்கத்துச் சிப்பாயைக் கொண்டுபோய் வெட்டுக்கு நிறுத்திவிட்டாள். எனக்கு ஆட்டம் தெரியாது, வெட்டு மட்டும் தெரியும். எதிரில் இருந்த பிள்ளை கையை நீட்டவும், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற நான், ஏட்டி சிப்பாய் போகுது பாரு என்று கத்திவிட்டேன். மண்டபமே திரும்பியது. அந்தப் பிள்ளையின் அப்பா, என்னம்மா, பட்டாசுக் கம்பெனின்னு நெனச்சீகளோ என்றார். நடுவர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். பிள்ளை ஆட்டம் என்னால் போச்சே என்று டிபன் டப்பாவோடு பைக் நிறுத்துகிற இடத்தில் நின்றேன்.

அவர் சொன்னது சரிதான் ராசா. கம்பெனியில் புகையைக் கண்டால் முதலில் கத்து, அப்புறம் ஓடு என்றுதான் போர்மேன் சொல்வார். வெடித்த அன்றைக்கு உங்கப்பா இருந்த மருந்து ரூம் வாசலில் புகையை முதலில் பார்த்தது நான்தான். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. ஏழு மாசமாக இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இரண்டு மணி நேரம் கழித்து எழில் வந்தாள். ஜெயித்துவிட்டாள். சிப்பாய் போனதால் திறந்த வழியில் யானையை இறக்கி ராஜாவை மடக்கினாளாம். நான் கத்தியதில் கவனம் தப்பவில்லையா என்று கேட்டேன். அது நானாக் குடுத்த சிப்பாய்மா, ஆனா ஒன் சத்தத்தக் கேட்டு எம்புட்டு நாளாச்சு என்று சொல்லிவிட்டு டப்பாவைப் பிடுங்கிச் சாப்பிட உட்கார்ந்தாள்.

இனிமேல் சிப்பாயைக் கொடுக்காதே என்று அவளிடம் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். இருக்கன்குடியாள் உன்னை நல்லபடியாக வைத்திருப்பாள். மறக்காமல் வெள்ளிக்கிழமை போன் பண்ணு. இந்தத் தடவை கேட்கும்.

உன் அம்மா
ஆவுடைத்தாய்
எம். புதுப்பட்டி