கலர் போடாத நெற்றி

இன்று காலை பழக்கதோஷத்தில் பிரஷ் முனையை உதட்டில் வைத்து ஈரப்படுத்தினேன். நாக்கெல்லாம் கசந்தது. உடனே உன்னைத் திட்டினேன். இந்தக் கெட்ட பழக்கத்தை எனக்கு ஒட்டவைத்தவள் நீதானே. "விஷம்டி அது, துப்பு" என்று நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன்! நீ உதட்டில் பச்சையும் நீலமுமாகச் சிரிப்பாய். திட்டி முடித்து, நீ வந்து உட்காரும் ஜன்னலோரத்துப் பாயைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் உன் தம்பி உன்னுடைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். "ராத்தா மவுத்தாகுறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே சொல்லிருச்சு, இது உங்களுக்குத்தான்னு" என்றான். திறக்க மனம் வராமல் ஒரு வாரம் மூலையிலேயே கிடந்தது. இன்றைக்குத்தான் திறந்தேன். மேலே பிரஷ்கள், தண்ணீரில் கரைக்கிற கலர்த் தாள்கள், பஞ்சு. அடியில், பழைய துணி ஒன்றில் சுற்றி, அந்தப் படம். அதை நீ எப்போதோ கிழித்துப் போட்டிருப்பாய் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

எனக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம் பழங்காநத்தத்தில் என் மாமியார் வீட்டு வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? தலையோடு கால் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி நீ இறங்கினாய். நானும் அவரும் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படத்தைப் பெரிதாக்கிக் கலர் போடச் சொல்லியிருந்தோம். படம் கறுப்பும் வெளுப்புமாகத்தான் விழும். கலரைக் கையால் பூச வேண்டும். அந்த ஸ்டுடியோவுக்கு அதைச் செய்து கொடுப்பவள் நீ என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"சேலை செவப்புன்னு சொல்லிவிட்டாக. செவப்புன்னா எந்தச் செவப்பு தாயி? செங்கல்லும் செவப்பு, மொளகா வத்தலும் செவப்பு. பாக்காம நான் பூச மாட்டேன்."

டிரங்குப் பெட்டியைத் திறந்து என் அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். நீ அதைக் கிணற்றடி வெயிலுக்குக் கொண்டுபோனாய். நிழலிலும் விரித்துப் பார்த்தாய். ஒரு காகிதச் சீட்டில் மூன்று தரம் கலரைத் தொட்டு வைத்துச் சேலையோடு ஒட்டிப் பார்த்து, நாலாவது தரம்தான் தலையாட்டினாய். பிறகு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாய். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர்கூட என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"பொட்டு வட்டமா இல்ல புள்ள. கீழ லேசா இழுத்திருக்கு. தெனமும் இப்படித்தான் வைப்பியா?"

கண்ணாடிக்கு ஓடினேன். நீ சொன்னது சரிதான். பத்தொன்பது வருடமாக என் நெற்றி எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அடுத்த மாதமே அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பதினோரு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் முடிந்த கையோடு அவருடைய அண்ணன் ஸ்டுடியோவுக்குச் சொல்லி அனுப்பினார். தம்பிக்கு மட்டும் கலர் போட வேண்டும். எனக்கு வெள்ளைச் சேலையாக மாற்றிவிட வேண்டும். பொட்டையும் எடுத்துவிட வேண்டும். ஸ்டுடியோக்காரர் படத்தில் என் நெற்றியைக் கத்தியால் சுரண்டிவிட்டு, மிச்ச வேலைக்கு உன்னிடம் கொடுத்தார்.

நீ படத்தை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாய். அவர் கோட்டோடு கலரில் இருந்தார். என் சேலை அரக்காகவே இருந்தது. அண்ணனுக்கு வந்ததே கோபம்!

"ஒனக்கென்னம்மா வந்துச்சு? சொன்னதச் செய்ய வேண்டியதுதான?"

"சொன்னதச் செய்ய எனக்குத் தெரியாதுங்கண்ணே. பாத்ததத்தான் செய்யத் தெரியும். எம்புட்டு வீட்டுப் பொம்பளைக என்னைய நம்பிப் பொட்டியத் தெறந்து காட்டுறாக! நான் பாத்தத மாத்திப் பூசுறேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவ காட்டுவா?"

சொல்லிவிட்டு நீ என் பக்கம் திரும்பினாய். நான் கதவுக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் நின்றுகொண்டிருந்தேன்.

"நீயே சொல்லு புள்ள. படம் பிடிச்ச அன்னிக்கு என்ன சேல கட்டியிருந்த?"

எல்லார் கண்ணும் என்மேல் இருந்தது. ஒரே ஒரு வார்த்தைதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்கு ஞாபகமில்லை" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. கிணற்றடியில் சேலையைப் பார்த்த அதே பார்வை. பிறகு படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வண்டி ஏறிவிட்டாய். செத்தவன் படத்தைக் கெடுத்துவிட்டாள் என்று அண்ணன் ஸ்டுடியோவில் போய்ச் சத்தம் போட்டார். அன்றோடு உனக்கு அங்கே வேலை இல்லை என்றார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து என்னைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அது கோரிப்பாளையத்தில் உன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி என்பது என் அதிர்ஷ்டமா, தண்டனையா தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாசகத்தையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ என்னைப் பேசவே விடவில்லை. "ஒனக்கு எழுதத் தெரியுமில்ல? ஒக்காரு, எழுது" என்று ஒரு நோட்டை என் மடியில் போட்டாய்.

ஸ்டுடியோ கைவிட்டாலும் வீட்டுப் பெண்கள் உன்னைக் கைவிடவில்லை. நேரே உனக்கே சொல்லி அனுப்பினார்கள். நீ பார்த்துச் சொல்லுவாய், கலரைத் தொட்டு வைப்பாய். பக்கத்தில் நான் எழுதுவேன். "வைகை மணலில் காய்கிற சுங்குடிச் சேலை, பாதி ஈரம், காலை." "தர்காப் புறாக் கழுத்து, மழை விட்டதும்." ஒரு கிழவியின் தோலுக்கு, துவரம்பருப்பு கொதிக்கையில் பொங்கும் நுரையை எழுதச் சொன்னாய். நான் சிரித்தேன். "சிரிக்காத. எங்க பாத்த, எப்பப் பாத்தன்னு சொல்லத் தெரியணும். மத்ததெல்லாம் சும்மா கத" என்றாய். எனக்கு நீ சொல்லிக் கொடுத்ததாக ஒன்றும் கிடையாது. உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தே கண் திறந்துகொண்டது. ஒருநாள் உனக்குக் காய்ச்சல் என்று நான் பிரஷைப் பிடித்தேன், பிறகு விடவில்லை.

வேலைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவாய். கல்யாண வீட்டுக்குள் வெள்ளைச் சேலை வரலாமா என்று முனகுவார்கள். "ரெண்டு பேருந்தான் வெள்ளை. வந்தா ரெண்டு பேரும் வாரோம், இல்லேன்னா போறோம்" என்று துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்பாய். இப்போது அப்படி நிற்க ஆள் இல்லை. நாளை ஆனையூரில் ஒரு பெண்ணின் கூறைச் சேலையைப் பார்க்கப் போக வேண்டும். உள்ளே விடுவார்களோ, சேலையை வாசலுக்கு எடுத்துவந்து காட்டுவார்களோ தெரியாது. போவேன். ஆனால் திரும்பி வந்து அதை யாரிடம் சொல்வது? பார்த்ததைச் சொல்ல ஆளில்லாமல் இருப்பது பட்டினியைவிடக் கொடுமையாக இருக்கிறது.

அத்தனை வருடத்தில் நீ அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை. பேசாமலே மறந்துவிட்டோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்று அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அரக்கு அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு நீ கொண்டுவந்தபோது போடாமல் இருந்த கரைக்குப் பிற்பாடு சரிகை மஞ்சள் போட்டிருக்கிறாய். தலையில் மல்லிகையைத் தனித்தனி மொட்டாகத் தொட்டிருக்கிறாய். என் நெற்றியில் மட்டும் கத்தி சுரண்டிய வெள்ளைத் தடம். எந்தப் படத்திலும் பொட்டை நீ கடைசியில்தான் வைப்பாய், அதுவும் எல்லாம் உறுதியான பிறகு. வாசலில் வைத்து என்ன சேலை என்று கேட்டாயே, அதற்கு என்னிடமிருந்து உண்மையான பதில் வரவே இல்லையே.

குங்குமக் கலர்த் தாளில் ஒரு நுனி கிள்ளிக் கரைத்தேன். பிரஷை உதட்டில் வைத்தேன். காலையில் கசந்தது என்றேனே, அது இந்தக் கலர்தான். பிரஷைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். வட்டமாக வைக்கவில்லை. கீழே லேசாக இழுத்துவிட்டேன்.

பிறகு உன் பாயைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்: "அரக்கு புள்ள. அன்னிக்கு நான் கட்டியிருந்தது அரக்கு."

அடுப்படியிலிருந்து அம்மா, "யாருகிட்டடி பேசுற?" என்றாள். பிரஷைப் பஞ்சில் துடைத்து உன் பாயின்மேல் வைத்தேன்.