சென்னப்பனுக்கு நம்ம கம்ப்யூட்டர் குடுத்த பதில்

காரிமங்கலம்,
கார்த்திகை மாசம், 1988.

அன்புள்ள தர்மனுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் காவேரியும் சொகமா இருக்கோம், மாடு கன்னும் சொகம், நீ பம்பாயில வேளைக்கு சோறு தின்னு தெம்பா இருந்தா அதுவே எங்களுக்குப் போதும். உங்க ஆபீசுல கழிச்சு வுட்டதுன்னு நீ அனுப்பி வெச்ச கம்ப்யூட்டரும் இப்ப சொகம். இப்பன்னு ஏன் சொல்றேன்னா நடுவுல அதால நம்ம வூட்டு மானமே போயிருச்சு, போனத வட்டியோட வாங்கிட்டுத்தான் இந்த லெட்டரு எழுத ஒக்காந்திருக்கேன்.

ஆயுத பூஜை கழிஞ்சு பாப்பிரெட்டிப்பட்டியிலருந்து ஒன் தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தாங்கடா. மாப்பிள்ளைப் பையனோட தாய்மாமன் சென்னப்பன்னு ஒரு ஆளு, அவரு வெச்சதுதான் அந்த வூட்டுல சட்டம். நான் கம்ப்யூட்டர்ல ஜாதகம் போடறேன்னு கேள்விப்பட்டு, உங்க பொண்ணோடத முழுசாப் போடும்மா, தசாபுத்தி ஒண்ணு வுடாம நாங்க கண்ணால பாக்கணும்னாரு. ஊராருக்கு நான் போடறதெல்லாம் வெறும் ராசிக் கட்டம், ஒரு வாய் காப்பி குடிக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். முழுசுன்னா பொட்டிக்கு பெரிய வேலை, பிளாப்பி வேற வுடாம சுத்திக்கிட்டே கெடக்கும். எனக்கு ஒரே சந்தோசம், நம்ம பொட்டியோட பவுசக் காட்டலாம்னு. பாதி வந்துச்சு, திரை கறுத்துப் போயி பொட்டி தானா மொதல்லருந்து கெளம்புது. மறுபடி போட்டேன், மறுபடி அதே. சென்னப்பன் எந்திரிச்சாரு, மெசினே தாங்காத ஜாதகத்த எங்க பையன் எப்படிம்மா தாங்குவான்னாரு, கைநனைக்காம கெளம்பிட்டாரு. அதோட வுட்டாரா, சந்தை முழுக்க பொட்டிய எரிச்ச பொண்ணுன்னு சொல்லி வெச்சுட்டாரு. குழாயடியில அதக் கேட்டுட்டு வந்த காவேரி கொடத்த எறக்கி வெச்சுட்டு செவுத்தப் பாத்து படுத்துக்கிட்டா. அன்னிக்கு நெனச்சேன், இந்தாளு என் வாசல்ல வந்து நிக்கணும்னு.

ஜாதகமாவது பாரமாவது, பொட்டியிலதான் ஏதோ கோளாறு. மொதல்ல கரண்டு மேல சந்தேகப்பட்டேன், ஸ்டெபிலைசர் முள்ளு ஆடாம அப்படியே நிக்குது. பிளாப்பி கெட்டுப் போச்சோன்னு வேற பிளாப்பி போட்டேன், அப்பவும் அணையுது. எம்பேரு ஜாதகத்த முழுசாப் போட்டேன், அதுக்கும் அணையுது, உங்கப்பா பேருக்கும் அணையுது. சும்மா வுட்டா நாள் பூரா எரியுது, பெரிய வேலை குடுத்தாத்தான் படுத்துக்குது. அணைஞ்சதும் பின்பக்கம் கை வெச்சேன் பாரு, தோசைக்கல்லு. பிளக்கப் புடுங்கிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா காத்துப் போற சல்லடை ஓட்டை பூரா சந்தனம். பூஜைக்குப் பொட்டு வெய்யுங்கன்னா உங்கப்பா முதுகு பூரா அப்பி வெச்சிருக்காரு, காஞ்சு சிமெண்டாட்டம் ஆயிருச்சு. கொண்டை ஊசியால ஒவ்வொரு ஓட்டையா நோண்டி எடுத்தேன். அப்புறம் காவேரியோடத போட்டேன், கடைசி வரி வரைக்கும் அச்சு அசலா வந்துச்சு. உங்கப்பா, அவங்களக் கூப்பிட்டு காட்டிரலாம் சின்னுன்னாரு. இருங்க, மொதல்ல அவங்களும் கொஞ்சம் வேகட்டும்னேன்.

உங்க பையனுக்கு வேற எடம் பாக்க ஆவும், ஓசியிலயே முழு ஜாதகம் போட்டுத் தர்றேன்னு ஆள் வுட்டேன். ஓசின்னதும் சென்னப்பன் பங்காளிங்களயும் கூட்டிட்டு வந்துட்டாரு. தூசி படக் கூடாதுன்னு சொல்லி பூப்போட்ட துண்ட நாலா மடிச்சு பொட்டி முதுகுல நல்லா இறுக்கிப் போத்துனேன். பையன் பேரத் தட்டிட்டு எல்லாருக்கும் காப்பி குடுத்தேன். அவங்க ரெண்டாவது டம்ளர் கேக்கறதுக்குள்ள திரை கறுத்துருச்சு. ஐயோ அண்ணா, உங்க பையனோடதும் தாங்கலியேன்னு கன்னத்துல கை வெச்சுக்கிட்டேன். சென்னப்பன் மூஞ்சியப் பாக்கணுமே. அடுத்த சந்தையில அந்தாளக் கண்டா, வாப்பா, எங்க கடைப் பல்பப் பாத்துராத, பியூஸ் போயிரும்னு கேலி பண்றாங்களாம். அந்தப் பையனுக்குப் பாத்து வெச்சிருந்த எடமும் பின்வாங்கிருச்சு.

இதோட முடிஞ்சுதுன்னு இருந்தா நேத்து தாம்பாளத் தட்டோட வந்து நிக்கறாரு. செவ்வாய் தோசத்துக்கு செவ்வாய் தோசம் கட்டறாப்புல, ரெண்டும் ஒரே தோசம், ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு, காவேரிய எங்களுக்கே குடுத்துருங்கன்னு கேக்கறாரு. உங்கப்பா பல்லு பூரா தெரியுது. இப்படித் திரும்பும்னு நானே நெனைக்கல. உள்ளருந்து காவேரி வந்தா. துண்ட உருவிப் போட்டுட்டு ஒக்காந்து ரெண்டு ஜாதகமும் முழுசாத் தட்டி பொருத்தமும் பாத்தா, தெருவே வந்து நின்னு பாத்துச்சு, பொட்டி அசையல. காயிதத்தக் கிழிச்சு சென்னப்பன் கையில குடுத்து, பத்துல ஒம்பது பொருத்தம் இருக்குங்க மாமா, மொத தடவை சந்தனம் அடைச்சிருந்துச்சு, ரெண்டாம் தடவை எங்கம்மா துண்டு போத்துச்சு, தோசம் யாருக்கும் இல்ல, ஆனா எனக்கு உங்க வூடு வேண்டாம்னுட்டா. என்னையும் சேத்துக் கவுத்துட்டா பாவி. அவருக்கு மூஞ்சி பூரா வேர்வை. அந்தப் பூப்போட்ட துண்டையே நீட்டி, தொடச்சுக்கங்க மாமான்னா பாரு, என் வயிறு குளுந்துருச்சுடா. இன்னிக்குக் காலையில கொடத்த எடுத்துக்கிட்டு அவளே குழாயடிக்குப் போனா.

உங்கப்பா தான் நல்ல எடம் போச்சுன்னு மொணகிக்கிட்டு இருக்காரு, நீ அவருக்குத் தனியா ஒரு கார்டு போடு. பொங்கலுக்கு கண்டிப்பா வா, வரப்ப பிரிண்டர் ரிப்பன் மறக்காத. அந்த ஊரு தண்ணிய காய்ச்சிக் குடி. நீ நல்லா இருக்கணும், நம்மள எளப்பமாப் பேசுனவங்க பாக்கற மாதிரி நல்லா இருக்கணும். ஒன் ஜாதகத்தையும் முழுசாப் போட்டுப் பாத்துட்டேன், பொட்டி தாங்குது, பயப்படாத.

இப்படிக்கு
ஒன் அம்மா
சின்னம்மாள்