பூட்ஸுக்குள் இருந்த பாட்டில்

ஞாயிறு, இரவு.

மதியம் நானும் என் மனைவி கலாவும் ஒரு பின்லாந்துப் படம் பார்த்தோம். வெளியே பனி, வீட்டுக்குள் பேசாத புருஷன் பெண்டாட்டி, ஓயாத குடி. அவன் பாட்டிலைப் பூட்ஸுக்குள் ஒளித்ததும் கலா சிரித்தாள்.

"எந்த ஊரா இருந்தா இன்னா, ஆம்பளைங்களுக்கு இந்த எடம்தான் தோணுது."

எனக்குப் பகீரென்றது. ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்த ஒற்றைக்கால் சாம்பிள் பூட்ஸ் பரணில் இருக்கிறது. அதற்குள்தான் என் பாட்டில். மறுபடி குடித்தால் பள்ளிகொண்டாவிலுள்ள அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றவள் அவள்.

அவள் கடைக்குப் போனதும் ஏறிப் பார்த்தேன். பாதி குடித்து வைத்த பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. வாயில் ஊற்றினால் பச்சைத் தண்ணீர். யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

ராத்திரி கருவாட்டுக் குழம்பு. திட்டவே இல்லை; இன்னொரு கரண்டி ஊற்றினாள். எனக்கு அதுதான் சரியாகப் படவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்தேன். புடவையெல்லாம் இருக்கிறது. இன்றைக்கு இருக்கிறது.