இருபத்து மூன்று குரல்கள்

மார்ச் 4, செவ்வாய். காலை 9.40. குரங்கு 19, பறவை 23.
ஆறு நாள் கணக்கெடுப்பு முடிந்தது. இரண்டுமே அழிந்துவரும் இனம். எது குறைவோ அதன் காட்டுக்குத்தான் காவல். மற்றதன் காட்டு வழியே புதுச் சாலை. குரங்கை முகம் பார்த்து எண்ணினேன்: கிழிந்த காது, நரைத்த தாடி. பறவை கண்ணில் படாது. நின்ற இடத்தில் அதன் குரலை ஒலிபெருக்கியில் போட வேண்டும். பதில் வந்தால் ஒன்று. பிறகு இருநூறு மீட்டர் தள்ளி அடுத்த இடம்.

காவல்கார அக்கா, "தம்பி, அது ஒரே பறவைதான். உங்க பின்னாடியே வருது" என்றார்.
"மெஷினுக்கு உங்களைவிடக் காது நல்லாக் கேக்கும்க்கா."
டிரைவர் சிரித்தார். நானும். அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 7
திங்கட்கிழமைக் கூட்டத்தில் காட்ட, பதிலாக வந்த 23 குரல்களின் பதிவுகளையும் திரையில் அடுக்கினேன். எல்லாவற்றிலும் மூன்றாவது கூவல் ஒரே இடத்தில் உடைகிறது. எல்லாவற்றிலும்.

மார்ச் 8
அதிகாரி போனில், "பிரமாதம்பா." "நன்றி சார்" என்றேன். உண்மையைச் சொல்ல நாக்கு எங்கே போச்சு?

மார்ச் 9
அக்காவிடம் போய்ச் சொன்னேன்.
"ஓ, மெஷினுக்கு இப்பதான் கேட்டுச்சா?"
"ஆமாக்கா. ஒரே பறவைதான்."
"ஏன் அப்படி விழுந்தடிச்சு வந்துச்சு தெரியுமா? வேற ஆண் வந்துட்டான்னு. பெட்டை பொந்து வாயைப் பூசி அடைச்சுக்கிட்டு உள்ள அடைகாக்குது. இரை கொடுக்கறதே இவன்தான்."

இது எனக்குத் தெரியாதா? படிச்சேனே. பரீட்சையில எழுதி மார்க் வாங்கினேனே! ஆறு நாளும் காலை நேரத்துல அவனை என் பின்னால அலைய விட்டு, அவளைப் பட்டினி போட்டிருக்கேன்.

"பெட்டை இன்னும் இருக்காக்கா?"
"நாளைக்கு வாங்க, பார்ப்போம். அந்தப் பெட்டியை மட்டும் தூக்கிட்டு வராதீங்க."

மார்ச் 10. காலை 7.50
ஆண் பழத்தோடு வந்தது. பொந்து வாயில் தட்டியது. ஒன்றுமில்லை. போய்விட்டு மறுபடி வந்தது. மூன்றாம் முறை, உள்ளிருந்து ஓர் அலகு நுனி நீண்டது.
"எண்ணிக்கோங்க" என்றார் அக்கா.
"ரெண்டு."

இனி:
1. பத்து மணிக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து: 23 தவறு, தவறு என்னுடையது. பறவை 2. கண்டவர் அக்கா.
2. "அப்போ குரங்கு?" என்பார்கள். அந்தப் பத்தொன்பதுக்கும் காவல் கேட்பது. கிடைக்கும்வரை கேட்பது.
3. ஒலிபெருக்கியை ஒப்படைப்பது.
4. அக்காவிடம் மன்னிப்பு. டிரைவர் இருக்கும்போது. அன்று சிரித்தது அவர் முன்னால்தான்.