திரைக்கு முதுகு காட்டி நின்றவருக்கு

இன்று காலை முறுக்கு டின்களில் பெயர் எழுத மகள் ஒரு மார்க்கர் பேனாவைத் திறந்தாள். அந்த ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் பிரிக்பீல்ட்ஸில் நம் கல்லூரியின் மாடி அறை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் பிளாஸ்டிக் தாளில் நண்டு வரைகிறீர்கள், விரலெல்லாம் நீலம். புரொஜெக்டருக்குப் பல்பு மாற்றிக்கொண்டே நான், "டாக்டர், இது நண்டா சிலந்தியா?" என்கிறேன். அப்போது நீங்கள் டாக்டர் இல்லை. பல வருடம் கழித்துப் பட்டம் வாங்கிய அன்று, "நீங்க எப்பவோ குடுத்துட்டீங்க பாஸ், யூனிவர்சிட்டிதான் லேட்டு லா" என்று சிரித்தீர்கள்.

நீங்கள் விரிவுரையாளர், நான் உங்கள் பிரிவின் டெக்னீஷியன். எழுபதுகளில் பள்ளிப் பாடங்களுக்குச் சிலைடும் ஒலிநாடாவும் செய்தோம். பிறகு வானொலிப் பாடம், பிறகு வீடியோ, தொண்ணூறுகளில் கணினியும் மல்டிமீடியாவும். ஒவ்வொரு முறையும் பழையதை ஸ்டோரில் தள்ளிவிட்டு, புதுக் கையேட்டைப் பள்ளிப்பிள்ளை மாதிரி அட்டை போட்டு வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். அப்போதுதான் ஒரு மிஷினைப் பழுதுபார்க்கக் கற்று முடித்திருப்பேன்.

உங்கள் ஆராய்ச்சி முறையே விசித்திரமானது. டெங்கில் ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டப் பள்ளிக்குப் போனால், பாடம் ஓடும்போது திரைக்கு முதுகு காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நிற்பீர்கள். எந்த இடத்தில் எந்தப் பிள்ளை கொட்டாவி விட்டது, எது வாய் பிளந்தது என்று குறித்துக்கொள்வீர்கள். "திரையில என்ன இருக்குன்னு நமக்குத் தெரியும் பாஸ். புள்ள மூஞ்சியில என்ன இருக்குன்னுதான் தெரியாது" என்பீர்கள். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் பட்டமே வாங்கினீர்கள்.

கடைசியாக, முதலாம் வகுப்புக்குத் தமிழ் வாசிப்பைக் கணினிப் பாடமாகச் செய்தீர்கள். நமக்கு ஒத்துவரும் எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக நீங்களே வரைந்தீர்கள். அது ஒரே ஒரு டிஸ்கெட்டில் அடங்கிவிட்டது. எந்தக் கணினியில் பாடத்தைக் காட்டினாலும் முதலில் அந்த டிஸ்கெட்டைப் போட்டு எழுத்துருவை ஏற்ற வேண்டும். ஷா ஆலமில் கல்வி இலாகா அதிகாரிகள் பார்த்துச் சரி என்றால் பாடம் எல்லாத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் போகும், இல்லையென்றால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். அதைச் சொல்லிவிட்டு, இரண்டு நாளாக நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை.

இத்தனை வருடம் உங்களிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

ஷா ஆலம் போவதற்கு முந்தின நாள் மாலை, நீங்கள் கட்டிவைத்த பையிலிருந்து அந்த டிஸ்கெட்டை எடுத்தவன் நான். மகளுக்குச் சடங்கு வைத்திருந்தோம். கிள்ளானில் மச்சானின் அச்சகத்தில் அழைப்பிதழ் அடிக்க வேண்டும். "எங்க டாக்டர் செஞ்ச எழுத்துல போட்டா எவ்ளோ அழகா இருக்கும் தெரியுமா" என்று பெருமையடித்தேன். அழைப்பிதழ் அழகாகத்தான் வந்தது. டிஸ்கெட்டை மச்சானின் கணினியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் வழக்கம்போல் திரைக்கு முதுகு காட்டி நின்றீர்கள். எழுத்துருவை ஏற்றும் ஞாபகமே இல்லாமல் நான் பாடத்தை ஓட்டினேன். "அம்மா" வர வேண்டிய இடத்தில் அரைப்புள்ளியும் டாலர் குறியும் வந்து நின்றன. நீங்கள் பார்க்கவில்லை. சிரித்த முகமாய், தோட்டப் பிள்ளைகளைப் பற்றி மலாயில் பேசிக்கொண்டே இருந்தீர்கள். அதிகாரிகளின் முகம் மாற மாற உங்கள் குரல் தடுமாறியது. அப்புறம்தான் திரும்பினீர்கள்.

பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினீர்கள். பிறகு நிமிர்ந்து, "சாலா சாயா, துவான்" என்றீர்கள். என் தப்புதான் ஐயா. மூன்றடி தள்ளி நான் நின்றிருந்தேன். குனிந்து, சிதறிய சாமான்களைப் பொறுக்கி உங்கள் பையில் போட்டேன். பாடத்தைக் காட்ட இன்னொரு நாள் தரும்படி அவர்களிடம் கேட்டுப் பார்த்தீர்கள். தரவே இல்லை.

திரும்பும்போது காரில், "எடுத்து வச்ச மாதிரியே இருக்கு பாஸ். வயசாயிருச்சு போல லா" என்றீர்கள். நான் சாலையைப் பார்த்தே ஓட்டினேன். அடுத்த மாதம் திட்டத்தை மூடினார்கள். ஓய்வு பெறும்வரை மற்ற விரிவுரையாளர்களுக்குக் கணினியில் சிலைடு செய்யச் சொல்லிக்கொடுத்தீர்கள். தமிழ்ப் பாடம் எதையும் அதன்பின் நீங்கள் தொடவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை உங்கள் வீட்டுக்கு வந்தேன். டீ குடித்தேன், டிவியைப் பழுதுபார்த்துக் கொடுத்தேன், கிளம்பி வந்துவிட்டேன். பக்கவாதம் வந்து உங்களுக்குப் பேச்சுப் போனபின், எதிர்த்து ஒரு வார்த்தை திட்டக்கூட முடியாதவரிடம் போய்ச் சொல்வது கோழைத்தனம் என்று எனக்கு நானே ஒரு சாக்கு கண்டுபிடித்தேன். கோழைதான், டாக்டர். வேறென்ன சொல்ல?

உங்கள் கருமக்கிரியை முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு, உங்கள் மனைவி எனக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். உங்களை நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அந்த ஷா ஆலம் விசயத்துக்கு அப்புறம் ஆளே மாறிட்டாரு அண்ணே. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போறதுக்குக்கூடச் சட்டப் பைய மூணு தடவ தடவிப் பாப்பாரு. 'எனக்கு என்மேலயே நம்பிக்கை போச்சு லா'ன்னுவாரு. நானும் புள்ளைங்களும் எவ்ளோ கிண்டல் பண்ணியிருக்கோம். உங்களுக்குத்தான் தெரியுமே, அவரு எவ்ளோ மறதிக்காரருன்னு."

"ஆமாம்மா" என்றேன்.