வடிவு இன்று அழவில்லை

அத்தான்,

நீங்கள் அசந்து தூங்குகிறீர்கள். பள்ளியில் தேர்வு வேலை, பாபநாசம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

விடியற்காலை வடிவு தானாகவே கக்கூஸுக்குப் போனாள். மலச்சிக்கலில் வரும் வழக்கமான அலறலுக்குப் பயந்து வாசலிலேயே நின்றேன். சத்தமே இல்லை. வெளியே வந்து என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். கல்லாகக் கிடக்கும் வயிறு இளகியிருந்தது. நம் பிள்ளை சிரித்தாள் அத்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த நார்ச்சத்துப் பொடியை வாங்கி வந்தீர்கள். "எம்பிள்ளைய வச்சு சோதனை பண்ணுதீங்களா?" என்று கத்தினேன்.

"குடல்ல உள்ள நல்ல பாக்டீரியாவுக்கு அது சாப்பாடுன்னு டாக்டர் சொல்லுதாரு, விஜி. ஆட்டிசம் மாறாது. வயித்து வேதனை குறைஞ்சா போதாதா?" என்றீர்கள். எழுந்து போனேன்.

பொடிதான் காரணமா, தெரியாது. ஆனால் தினமும் மோரில் கலக்கி, அவள் துப்பத் துப்பத் துடைத்துக் கொடுத்தது நீங்கள். அன்று பேசியதற்கு மன்னியுங்கள். ரொம்ப நன்றி.

விஜயஸ்ரீ

பி.கு.: மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு ரீபா அக்காவிடம்.

இன்றைய மோரை நானே கொடுத்துவிட்டேன், மறுபடி கொடுக்க வேண்டாம். மூன்று தடவை என் சேலையில் துப்பினாள், நாலாவது தடவை குடித்தாள். நாளையும் நானே கொடுக்கிறேன்.