நாற்பது நாளும் வீடு கிடைத்தது, அக்கா

பாசமுள்ள என் ஞானம் அக்காவுக்கு,

நாற்பது நாளும் முடிந்தது. ஒரு நாள்கூட விடுபடவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கடிதம் வந்தாலும் கடைசி வரியைப் பார்த்துவிட்டுத்தானே முதல் வரிக்கு வருவாய்? அந்த அவசரம் அங்கேயும் உன்னை விட்டுப் போயிருக்காது.

இது நம் சபை இதழில் வரப்போகிறது. சுங்கைப் பட்டாணி ஊரில் பாதிப் பேர் படிப்பார்கள். படிக்கட்டும். நான் அடித்த கூத்தை எல்லாரும் நேரிலேயே பார்த்தார்கள், இனி மறைக்க என்ன இருக்கிறது? உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில், ஞாயிறு நீங்கலாக நாற்பது நாள், நாளுக்கு ஒரு வீடு. மாலை ஏழு மணிக்கு ஒரு பாட்டு, ஒரு வேத வசனம், அதன் மேல் சின்னதாக ஒரு தியானம், பிறகு ஜெபம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பதினெட்டு வருஷம் நீ இதை நடத்தினாய். தொழிற்சாலை வேலை முடிந்து, மோட்டார் சைக்கிள் கூடையில் வேதாகமத்தைப் போட்டுக்கொண்டு மெர்போக் தோட்டம் வரை போவாய், குருண் வரை போவாய். போன வருஷம் நோயில் உடம்பு பாதியாக இளைத்தபோதும் போனாய்.

நீ ஆண்டவரிடம் போன பிறகு நடந்த சபைக் கூட்டத்தில், இனி நாற்பது நாள் வேண்டாம், வெள்ளிக்கிழமை மட்டும் ஆலயத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார் பாஸ்டர். நான் எழுந்து, "நான் பாத்துக்கறேன்" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிரசங்க நேரத்தில் போன் வந்தது என்று வெளியே போய், ஆசீர்வாதம் கூறும்போது உள்ளே வருகிற ஆள் நான். பாஸ்டர் யோசித்தார். சரி அண்ணே, நடத்துங்கள், ஆனால் ஒரு நாள் வீடு கிடைக்காமல் போனாலும் அதோடு நிறுத்திவிட்டு வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிடலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. முப்பது நாற்காலியை வாடகை லாரியில் கட்டிக்கொண்டு தொழில் தொடங்கியவன், இன்று கெடா மாநிலம் முழுக்கக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கூடாரம் போடுகிறவன். நாற்பது வீடு பிடிக்க முடியாதா எனக்கு?

முதல் நாள் என் வீடு. வாசலை அடைத்துக் கூடாரம், எண்பது நாற்காலி, நான்கு பெரிய மின்விசிறி, ஒலிபெருக்கி. பினாங்கிலிருந்து ஒரு பிரசங்கியார், அவரோடு கீபோர்டு வாசிக்கிற ஆள். கூட்டம் முடிந்து சாப்பாடு. லெந்து நாள் என்று கறி போடவில்லை, காளான் பிரியாணிதான். கறியை விட்டதையே நான் தவமாக நினைத்துக்கொண்டேன் அக்கா, அதை என்னவென்று சொல்ல! எழுபது பேர் வந்தார்கள். படம் எடுத்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உன் காலத்தில் பதினைந்து பேரைத் தாண்டியதில்லையே என்று மனசுக்குள் ஒரு கொழுப்பு. மன்னித்துவிடு.

இரண்டாம் நாள், நம் சபையில் கட்டடக் குத்தகை எடுக்கிற ஒருவர் வீடு. அவர் விடுவாரா? தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, நாலு வகைப் பலகாரம். மூன்றாம் நாள் மூன்றடுக்குக் கேக். நான் ஒவ்வொரு வீட்டுக்கும் இலவசமாகக் கூடாரம் அனுப்பினேன். ஐந்தாம் நாளிலிருந்து தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவர். வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று இன்னொருவர். ஒரே வாரத்தில் சுங்கைப் பட்டாணியில் இத்தனை மாமியார்கள் படுத்ததை நான் கேள்விப்பட்டதேயில்லை. சாப்பாட்டையும் நானே அனுப்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர்கள் என் போனையே எடுக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி எப்படியோ ஒன்பது நாளை ஓட்டினேன்.

பத்தாம் நாள், சனிக்கிழமை. அன்றைய வீடு ரோஸ்லினுடையது. குருண் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாளே, புருஷன் போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளோடு பிளாட்டில் நாலாவது மாடியில் இருக்கிறாளே, அவள்தான். பதினெட்டு வருஷமும் உனக்கு வீடு கொடுத்தவள். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், இந்த வருஷம் முடியாது என்று காலையில் செய்தி அனுப்பிவிட்டாள். மதியம் வரை பதினோரு வீட்டைக் கேட்டேன். ஒன்றும் இல்லை. நாலு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு அவள் பிளாட்டுக்கே போய், லிப்டில் ஏறிக் கதவைத் தட்டினேன்.

பெயிண்ட் வாசம் துளியும் இல்லை. நான் சுவரைப் பார்த்தேன், அவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

"பொய்தான் சொன்னேன் அண்ணே," என்றாள். "ஆண்டவர் மன்னிப்பாரு, நீங்களும் மன்னிச்சிருங்க. நேத்து உங்க ஆளுங்க அளவெடுக்க வந்தாங்க, கூடாரத்த எங்க போடறதுன்னு. நாலாவது மாடியில எங்கண்ணே போடுவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"ஞானம் அக்கா வந்தா என்ன கேப்பாங்க தெரியுமா? வெறும் சுடுதண்ணி. எல்லா வீட்லயும் அதான் கேப்பாங்க. சுடுதண்ணி எங்கிட்ட இருக்கு. பிரியாணி இல்ல."

"நான் குடுக்கறேன்னு சொன்னேனேம்மா."

"அப்ப அது உங்க வீட்டு ஜெபம் லா. எங்க வீட்டுதுன்னு எப்படிச் சொல்றது?"

அக்கா, என் தொழிலில் இந்த அடியை நானே எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் நாற்காலிக்கு உறையும் வாசலுக்குச் சிவப்புக் கம்பளமும் போட்டுவிட்டால் போதும். அடுத்த கல்யாணத்துக்காரன் அதற்குக் குறைத்துக் கேட்க வெட்கப்படுவான். அது தெரிந்துதான் போடுவோம். அதே வேலையை ஆண்டவரின் காரியத்தில், தெரியாமலே செய்திருக்கிறேன். ஒவ்வொரு கூடாரமும் ஒரு ஏழை வீட்டின் கதவைச் சாத்தியிருக்கிறது. நீ வெந்நீர் கேட்டதைக் கஞ்சத்தனம் என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்? ஒரு தடவையாவது காரணத்தைச் சொல்லியிருக்கலாமே நீ. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

வாசலிலேயே நின்றுகொண்டு, "தப்பு என்னுதும்மா" என்றேன். அவள் கதவை முழுக்கத் திறந்தாள். பிறகு, இன்றைக்கு எங்கேதான் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டாள். வீடே இல்லை, இன்றோடு முடிந்தது என்றேன்.

"அப்ப இங்கயே வாங்க. ஏழு மணிக்கு. நாற்காலி ஒண்ணும் ஏத்தக் கூடாது, சொல்லிட்டேன்."

பத்தொன்பது பேர் வந்தோம். எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம். பினாங்குப் பிரசங்கியாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைப் போலப் பேசவும் எங்களில் ஆள் இல்லை. யார் தியானம் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது ரோஸ்லினே பேசினாள்.

"போன வருஷம் மூணு மாசம் லிப்டு கெட்டுப்போய்க் கெடந்துச்சு. வேல முடிஞ்சு வந்து ஒவ்வொரு மாடியிலயும் மூச்சு வாங்க நிப்பேன். சும்மா நிக்கறதுக்கு அந்த மாடி ஆளுங்களுக்கு ஒரு வார்த்த ஜெபம் பண்ணலாமேன்னு தோணுச்சு. ரெண்டாவது மாடியில ஒரு வீட்ல தெனமும் சண்ட. மூணாவது மாடியில ஒரு தாத்தா தனியா இருக்காரு. இப்ப லிப்டு சரியாயிருச்சு. நான் இன்னும் படியிலதான் ஏறுறேன். லிப்டுல போனா அவங்களுக்கெல்லாம் எப்ப ஜெபம் பண்றது?"

அவ்வளவுதான், நாலு நிமிஷம்கூட இல்லை. லிப்டில் வந்திருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று கூட்டம் முடிந்து எல்லாரும் படியில்தான் இறங்கினோம். யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இனி எந்த வீட்டிலும் வெந்நீர் மட்டும்தான், பலகாரத் தட்டோடு யார் வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன், என் மனைவி லில்லியாக இருந்தாலும் சரி என்றேன். சிரித்தார்கள். வெளியூர்ப் பிரசங்கியார் கிடையாது, அந்தந்த வீட்டுக்காரரே அந்த வருஷம் ஆண்டவர் அந்த வீட்டில் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை. பட்டியல் எழுத ரோஸ்லினிடம் தாள் கொடுத்தேன். அதோடு அந்தத் தாளை அவள் என்னிடம் திருப்பித் தரவேயில்லை.

என்ன சொல்ல, அக்கா, எப்பேர்ப்பட்ட நாட்கள்! மெர்போக்கில் இரவுக் காவல் வேலை பார்க்கிற அருளுக்கு மாலையில் முடியாது என்பதால் காலை ஆறரைக்கே போனோம். வேலை முடிந்து வந்த மனுஷன் தியானம் சொல்ல உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எழுப்பப் போனோம், அவர் மனைவி விடவில்லை. "ரெண்டு வருஷம் வேல இல்லாம, தூக்கமே இல்லாம கெடந்தவரு. இப்ப எப்படித் தூங்குறாரு பாருங்க. நான் ஜெபம் பண்ணதுக்கு இதான் பதிலு," என்றாள். அவர் குறட்டைக்கு நடுவிலேயே பாட்டைப் பாடி முடித்தோம். அதைவிட நல்ல தியானத்தை நான் ஆலயத்தில்கூடக் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், யாழ்ப்பாணத்து வம்சம், தோட்டத்து ஆட்களை வாசலோடு அனுப்பிப் பழகியவர் என்று பேர் வாங்கியவர், அவரும் பெயர் கொடுத்தார். இருபத்தெட்டுப் பேர் அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்தோம். வெந்நீரை வெள்ளி டம்ளரில் கொடுத்தார். ஆள் முழுசாக மாற இன்னும் ஒரு லெந்து வேண்டும் போலிருக்கிறது. ஆனால் கொடுத்தது அவர் கையாலேயே, ஒவ்வொருவருக்கும் குனிந்து கொடுத்தார்.

இப்படியே போய், கடைசிச் சனிக்கிழமைக்கு மூன்று குடும்பம் போட்டி போட்டது. ரோஸ்லின் மூன்று பேரையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டு, நாற்பதாவது நாளுக்கு என் பெயரை எழுதிவிட்டாள். முதல் நாளே என் வீட்டில் வைத்தாயிற்றே என்றேன்.

"அன்னிக்குக் கல்யாணமில்ல நடந்துச்சு? ஜெபம் எங்க நடந்துச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் பயம். ஏனென்று உனக்கு மட்டும்தான் தெரியும். இந்த இதழைப் படிப்பவர்களுக்கும் இப்போது தெரியட்டும்.

நான் வாய்விட்டு ஜெபித்தவனே இல்லை. சாப்பாட்டு மேசையில் லில்லி ஜெபிப்பாள், என் கூடாரக் கடையில் பாஸ்டர் ஜெபிப்பார், நான் ஆமென் மட்டும் சொல்வேன். ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், நாம் இருவர் மட்டும் இருந்தோம். என் கையைப் பிடித்து, "ஒரு ஜெபம் பண்ணுப்பா" என்றாய். தாதியைக் கூப்பிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். தாதியைக் கூப்பிடவில்லை. கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது நீ தூங்கிவிட்டிருந்தாய். பிறகு நீ அதைக் கேட்கவேயில்லை. "நான் பாத்துக்கறேன்" என்று அன்று கூட்டத்தில் எழுந்து நின்றது உன் நாற்பது நாளுக்காக மட்டும் என்றா நினைக்கிறாய்?

நாற்பதாவது நாள் ஐம்பத்திரண்டு பேர். கூடத்தில் இடம் இல்லாமல் மாடிப்படி வரை உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் செருப்புகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தியானத்தில் நான் சொன்னது கொஞ்சம்தான். இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு லில்லி முழங்காலில் இருந்தாள், நான் லாரியில் நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தேன், வீட்டை நான்தான் கட்டினேன் என்று ஊருக்குச் சொல்லித் திரிந்தேன், அது பாதி உண்மைதான் என்று சொன்னேன். லில்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஜெபம் வந்தது. யாரும் எனக்கு உதவிக்கு வரவில்லை, பாஸ்டர்கூட. சுத்தத் தமிழ் எனக்கு வராது, நான் பேசுகிறபடியே பேசினேன். "ஆண்டவரே, எங்க அக்கா ஒண்ணு கேட்டாங்க, நான் ஓடிப்போயிட்டேன். இப்ப வந்திருக்கேன்." குரல் நின்றுவிட்டது. எல்லாரும் காத்திருந்தார்கள். அதன் பிறகு, அக்கா, மடை திறந்தது போல வந்தது. உனக்காக நன்றி சொன்னேன். பட்டியலில் இருந்த ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி ஜெபித்தேன். ஒரு பெயரும் தப்பவில்லை, கடைக்காரன் ஞாபகம் அதற்காவது உதவியது. முடிக்கவே மனசில்லை. முடித்தபோது எழுந்த ஆமென், பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் என்னவோ ஏதோ என்று வேலிப்பக்கம் வந்து எட்டிப் பார்க்கும்படி இருந்தது.

மறுநாள் விடியலில் உயிர்த்தெழுதல் ஆராதனை. ஆலயம் நிறைந்து வெளியே நின்றார்கள். பாஸ்டர் என் தோளைத் தட்டி, வெள்ளிக்கிழமைப் பேச்சை இனி எடுக்க மாட்டேன் அண்ணே என்றார். அடுத்த வருஷத்துப் பட்டியலில் இப்போதே பதினேழு வீடு இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன், ஊரார் சாட்சியாக. நாற்பது நாளை என் கால் நடக்கிற வரை நடத்துவேன். இனி யார் கட்டிலருகே நின்றாலும், யார் என் கையைப் பிடித்து ஜெபிக்கச் சொன்னாலும், வெளியே போகமாட்டேன். நேற்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று பேருக்கு ஜெபித்துவிட்டு வந்தேன். இரண்டு பேர் நம் சபையே இல்லை, பக்கத்துக் கட்டில்காரர்கள், அவர்களாகவே கேட்டார்கள். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போகிறேன்.

உன் பின்னால் பிறந்து, உன் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிற
உன் தம்பி,
தாவீது